குதிரை ஏறாத மாஸ்டர்

மெத்தைக் கடை வைத்திருந்த காலத்தில் அவரை யாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. மெத்தைக்காரர் என்றுதான் சொல்வார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு மெத்தையின் சுகத்தை விளக்குகிறேன் பேர்வழி என்று தானே படுத்துக் காட்டுவார். காட்டிக்கொண்டிருக்கும்போதே கண் அயர்ந்துவிடும். வந்தவர்கள் அவரை எழுப்ப மனமில்லாமல் எதிர்க் கடையில் போய் வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் கடைக்குப் பூட்டுப் போட்டபோது, இந்த ஊர் ஜனங்களுக்கு ரசனை செத்துப்போச்சு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குதிரை யோசனை அவருடையது அல்ல. மனைவியின் தம்பி பந்தயக் குதிரை லாயத்தில் பதினாறு வயதிலிருந்து வேலை பார்த்தவன். அவன்தான் ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்து, மாமாவின் சோர்ந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, மலையப் பாக்க வர்ற ஜனங்க நாள் பூரா வேன்லயே உக்காந்து வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துட்டுத் திரும்பிப் போறாங்க. அவங்கள குதிரையில ஏத்தி, காட்டுப் பாதை வழியா உச்சி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு சாயங்காலம் கொண்டுவந்து விடுவோம். நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்."

சும்மா உட்கார்ந்திருப்பதில் அவருக்குத் தனித் திறமை உண்டு. உடனே சரி என்றார்.

மனைவியின் நகைகள் ஐந்து குதிரைகளாக மாறின. சேணம், கடிவாளம், தீனி, லாயத்துக்குத் தகரக் கூரை என்று அக்காவும் தம்பியும் அலைந்தார்கள். அவர் தன் பங்குக்குப் பெரிய பலகை ஒன்று எழுதி வைத்தார். 'மாஸ்டர் குதிரைச் சவாரி' என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில் 'நாற்பது ஆண்டு அனுபவம்' என்றும் சேர்த்திருந்தார். ஐந்து குதிரைகளின் வயதையும் கூட்டினால் ஏறக்குறைய நாற்பது வரும் என்பதால் அதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கூடவே முழங்கால் வரைக்கும் ஏறும் தோல் பூட்ஸ் ஒரு ஜோடியும் அகலமான தொப்பியும் வாங்கிக்கொண்டார். குதிரைகளுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். இருப்பதிலேயே மந்தமான கிழட்டுக் குதிரைக்கு மின்னல் என்று பெயர். அடுத்தது புயல். அது தண்ணீரைக் கண்டால் நின்றுவிடும்.

ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. மாஸ்டருக்குக் குதிரை என்றால் குலை நடுங்கும்.

தொடங்கிய முதல் வாரத்திலேயே மைத்துனன் அவரை மின்னல் மேல் ஏற்றிவிட்டுப் பார்த்தான். மின்னல் ஒரு அடி கூட எடுத்து வைக்கவில்லை. காதில் உட்கார்ந்த ஈயை விரட்டத் தலையை ஒரு ஆட்டு ஆட்டியது, அவ்வளவுதான். மாஸ்டர் "ஐயோ" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபக்கமாக வழுக்கிக் கீழே வந்து சேர்ந்தார். அன்றோடு சரி. அலுவலக அறைச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்த படத்தில் அவர் குதிரையின் முதுகில் கை வைத்து கம்பீரமாக நிற்பார். அந்தப் பக்கம் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியை ஸ்டுடியோவில் சொல்லி வெட்டி எடுத்தாகிவிட்டது. அவளுடைய விரல் நுனிகள் மட்டும் படத்தின் ஓரத்தில் தங்கிவிட்டன.

வேலை இப்படி நடக்கும். காலையில் வேன் வந்து நிற்கும். மாஸ்டர் தொப்பியோடு வெளியே வந்து கால் மணி நேரம் பேசுவார். காட்டுக் குதிரைகளை அடக்கிய கதை, செங்குத்துப் பாறையில் இறங்கிய கதை என்று அளந்துவிட்டுக் கடைசியில் மைத்துனனைக் கைகாட்டி, "இன்னிக்கு நம்ம பையன் கூட்டிட்டுப் போவான்" என்பார். நம்ம பையனுக்கு வயது முப்பத்தைந்து. அவன் சிரித்துக்கொண்டே எல்லோரையும் ஏற்றி, கால் மிதிக்கும் அங்கவடியின் நீளத்தைச் சரிசெய்து, காட்டுக்குள் கூட்டிப்போவான். அவர்கள் மறைந்ததும் மாஸ்டர் உள்ளே போய், விற்காமல் மிஞ்சிய கடை மெத்தை ஒன்றில் படுத்துவிடுவார்.

இப்படியே நான்கைந்து வருஷம் ஓடியிருக்கும். சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலைப்பொழுதில், மாஸ்டர் வழக்கமான பேச்சில் சுருதி ஏறிப்போய் ஒரு வார்த்தை அதிகமாக விட்டுவிட்டார்.

"இந்தப் பையன் இருக்கானே, இவன் என்கிட்ட வந்தப்ப குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாது. நான்தான் கைய புடிச்சுக் கத்துக் குடுத்தேன்."

சேணத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்த மைத்துனன் நிமிர்ந்தான்.

"யாரு யாருக்கு மாமா கத்துக் குடுத்தது?"

"சும்மா ஒரு பேச்சுக்குடா" என்று மாஸ்டர் பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார்.

"இத்தனை வருஷம் பேச்சுக்குத்தானேன்னு விட்டேன். போதும். இன்னிக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க."

கையிலிருந்த கயிற்றை மாமாவின் கையில் வைத்துவிட்டு அவன் பைக்கை உதைத்துக்கொண்டு போயே போய்விட்டான். கயிற்றின் மறுமுனையில் மின்னல் நின்றுகொண்டிருந்தது.

அன்று வந்திருந்தவர்கள் மூன்றே பேர். ஒரு இளைஞன், அவன் மனைவி, மனைவியின் அம்மா. இளைஞன் போகிற இடத்தையெல்லாம் வீடியோ எடுத்துப் போடுகிறவன். தின்றாலும் எடுப்பான், தும்மினாலும் எடுப்பான். சொந்த மாமியாரே அவனை 'வீடியோ மாப்பிள்ளை' என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்வாள். அவனுக்கு நடந்தது எதுவும் விளங்கவில்லை. மாஸ்டரே நேரில் வரப்போகிறார் என்பது மட்டும் விளங்கியது.

"சூப்பர் சார்! உங்ககூடவே போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றான்.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் லாயத்து வாசலில் தீனி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். இந்த நான்கைந்து வருஷத்தில் தம்பியிடமே கற்றுக்கொண்டு, அவனைவிட ஒரு பங்கு நன்றாகவே குதிரை ஓட்டுவாள்.

"இந்தா, இல்ல... நீ வேணும்னா ஒரு எட்டுப் போயிட்டு வாயேன்" என்று தடுமாறினார்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். தம்பி போன திசையை ஒரு தரம் பார்த்தாள்.

"நான் எதுக்குங்க? நாப்பது வருஷ அனுபவம் இருக்கறவங்க நீங்க. போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் கதவையும் சாத்திக்கொண்டாள்.

வேறு வழியில்லை. மூன்று பேரையும் ஒவ்வொரு குதிரையாக, மரத்தடித் திண்டில் நிற்க வைத்து ஏற்றிவிட்டார். அதுவரை அவருக்குத் துணிச்சல் இருந்தது, ஏனென்றால் குதிரைகள் தாமாகவே அசையாமல் நின்றன. பிறகு மின்னலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"சார், நீங்க ஏறலையா?" என்று இளைஞன் கேட்டான்.

"போகப் போக" என்றார்.

பாதை அவருக்குத் தெரியாது. நல்லவேளையாக மின்னலுக்குத் தெரிந்தது. அது இழுத்த பக்கம் அவர் போனார். பார்க்கிறவர்களுக்கு அவர் இழுத்த பக்கம் அது வருவதுபோல இருந்தது. கற்பாதையில் கொஞ்ச தூரம் ஏறியதுமே பூட்ஸ் கடிக்க ஆரம்பித்தது. ஓடை வந்தது. மின்னல் இறங்கியது, அவரும் இறங்கினார். பூட்ஸுக்குள் ஐஸ் தண்ணீர் நிரம்பி, நடக்கும்போது சளப் சளப் என்று தவளை நசுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பின்னால் புயல் தண்ணீரைக் கண்டு நின்றுவிட்டது. அதை எப்படி நகர்த்துவது என்று மைத்துனனுக்குத் தெரியும். மாஸ்டர் கரையில் நின்று "வா ராசா, வாடா கண்ணு" என்று கைக்குழந்தையிடம் கெஞ்சுவதுபோல் கெஞ்சினார். அது தனக்குத் தோன்றியபோது வந்தது.

ஓடையைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். மின்னல் கயிற்றை உருவிக்கொண்டு தானே மேலே நடக்க, மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். மாமியாரின் குதிரை புல் மேய நின்றுவிட்டது. மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். குதிரையின் வாய்க்கு அருகே போகவும் பயம், பின்னங்காலுக்கு அருகே போகவும் பயம். நடுவில் நின்றுகொண்டு கையைப் பிசைந்தார்.

மேலே உட்கார்ந்திருந்த அந்த அம்மா சேணத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தாள். விரல் மூட்டுகளெல்லாம் வெளுத்துப்போயிருந்தன. அவர் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் பம்முவதைப் பார்த்தாள்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குக் குதிரைன்னா பயம்தானே?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். செங்குத்துப் பாறைக் கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மூச்சு முட்டியதில் அத்தனை நீளமான பொய்யைச் சொல்லத் தெம்பில்லை.

"ஆமாம்மா" என்றார்.

"அப்பாடா" என்றாள் அவள். "எனக்கும்தான். ஏறினதுலேருந்து உசுர கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கேன். மாப்பிள்ளை முன்னாடி காட்டிக்க வேணாம்னு பாத்தேன். என்னை இறக்கி விடுங்க."

அவளை இறக்குவது ஏற்றியதைவிடப் பெரும்பாடாக இருந்தது. அவள் ஒரு பக்கம் சாய, அவர் ஒரு பக்கம் தாங்க, இரண்டு பேரும் புல்லில் போய் உட்கார்ந்தார்கள். குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். மெத்தைக் கடைக் கதையை, அதுவும் உள்ளபடியே, அவளிடம் சொன்னார். வருஷக்கணக்கில் அவர் பேசிய பேச்சுகளில் கலப்படம் இல்லாதது அது ஒன்றுதான்.

அப்புறம் இருவரும் குதிரையைப் பக்கத்தில் விட்டுக்கொண்டு மெல்ல நடந்து ஏறினார்கள். மேலே காத்திருந்த இளைஞன் கேமராவை அவர்கள் பக்கம் திருப்பினான்.

"அத்தை, ஏன் எறங்கிட்டீங்க? மாஸ்டர், நீங்களும் கடைசி வரைக்கும் ஏறவே இல்லையே, ஏன்?"

மாஸ்டருக்கு மூச்சு இரைத்தது. அந்த அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, தன்னையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"அதுவும்... ஒரு உசுருதானே தம்பி. அது மேல... நம்ம எதுக்கு?"

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சுக்காக அவர் எடுத்துக்கொண்ட இடைவெளி, வீடியோவில் ஆழ்ந்த துயரம்போலத் தெரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியதால் கண்ணும் கலங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து மின்னல் அவர் தோளில் தலையை வைத்தது. உண்மையில் அது அவர் சட்டையில் மூக்கைத் துடைத்தது. பயத்தில் அவர் அப்படியே கல்லாகச் சமைந்து நின்றார். 'குதிரையும் குருவும்' என்று தலைப்புப் போட்டு, பின்னணியில் புல்லாங்குழலைச் சேர்த்து, அன்று சாயங்காலமே அவன் அதை ஏற்றிவிட்டான்.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. குதிரை மேல் ஏற மாட்டேன் என்று சபதம் எடுத்த மகான் நீங்கள்தானா என்று கேட்டார்கள். போனை எடுத்த மனைவி முதலில் சிரித்தாள். அப்புறம் அத்தனை பேரும் தேதி கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள். மாஸ்டர் பலகையை இறக்கி, 'குதிரைச் சவாரி' என்ற சொற்களின் மேல் வெள்ளை அடித்துவிட்டு, 'குதிரையோடு நடப்போம்' என்று எழுதினார்.

ஒரு வாரம் கழித்து மைத்துனன் வந்தான். மாமா மேல் கோபம் தீரவில்லை. குதிரைகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வந்தவனிடம் புதிய முறை விளக்கப்பட்டது.

"ஏறாம சும்மா நடக்கறதுக்கு எதுக்கு மாமா குதிரை?"

"பக்கத்துல வரணும்ல."

"ஏறிப் போனப்ப வாங்கினதவிட நடக்கறதுக்கு ஜாஸ்தி வாங்கறீங்க?"

"பின்ன? அவங்க கால் வலிக்குதுல்ல."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள், "விடுடா, குதிரைக்கு நல்லதுதானே" என்றாள். பந்தயக் குதிரைகளைக் காற்றாகப் பறக்க விட்டவன், மின்னலின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தான். வழியில் ஒரு நாள் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கி மேலே உட்கார்ந்துவிட்டான். வாடிக்கையாளர்களில் ஒரு பெண் கத்திய கத்தலில் காட்டுப் பறவைகளெல்லாம் எழும்பிப் பறந்தன. கொலை செய்தவனைப் பார்ப்பதுபோல அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். இறங்கி மன்னிப்புக் கேட்டான். குதிரையிடம் கேட்கச் சொன்னார்கள். கேட்டான்.

வந்த கூட்டமே மாறிவிட்டது. முன்பெல்லாம் வருகிறவர்கள் ஏறும்போது கத்துவார்கள், இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். விஷயம் அதோடு முடிந்தது. இப்போது வந்தவர்கள் குதிரையின் காதில் ரகசியம் பேசினார்கள். அதன் நெற்றியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி நின்றார்கள். புயல் ஒரு பெரிய கம்பெனியின் மேலாளர் முகத்தில் தும்மியபோது, இத்தனை நாள் மனசை அழுத்திய பாரம் இறங்கிவிட்டது என்று அவர் கைக்குட்டையால் துடைக்காமலே நின்றார். ஓடையின் முன்னால் அது நின்றுவிட்டால், தியானம் செய்கிறது என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அதுவும் நல்ல குதிரை, தனக்கென்ன வந்தது என்று எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கும்.

குதிரைகள் கொழுத்தன. முதுகில் ஆள் இல்லை, ஓட்டம் இல்லை, ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் ஊட்டுகிறான். மாட்டு டாக்டர் வந்து மின்னலின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இப்படியே விட்டா குளம்பு போயிடும், மூட்டு போயிடும். தினம் ஏறி ஓட்டுங்க. நல்லா ஓட்டுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் புது ஏற்பாடு ஒன்று வந்தது. விடிந்தும் விடியாததுமாக, மலைக்குப் பின்பக்கத்துப் புல்வெளியில், அக்காவும் தம்பியும் மாற்றி மாற்றி ஐந்து குதிரைகளையும் ஓட்டினார்கள். கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்கள்போல் ஒளிந்து ஒளிந்து போய்வந்தார்கள். வேன் வருவதற்குள் சேணங்களையெல்லாம் அவிழ்த்து, மெத்தைக் கடைக் காலத்துப் பெரிய உறைகளுக்குள் போட்டு மறைத்துவிடுவார்கள். மாஸ்டர் மேட்டில் நின்று சாலையைப் பார்த்துக் காவல் காப்பார். மனைவி தலைமுடி பறக்கப் புல்வெளியைக் கடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே கவலைதான். "அந்தப் பக்கம் போகாதே, ரோட்டுலேருந்து தெரியும்!" என்று அடிக்குரலில் கத்துவார்.

இதற்குள் மாஸ்டருக்குள்ளே வேறொன்று நடந்துவிட்டது. தினமும் அதே பேச்சைப் பேசிப் பேசி அவருக்கே அது உண்மையாகிவிட்டது. ஏற முடியும், ஏற மாட்டேன் என்று சொல்லத் தொடங்கியவர், ஏறி எத்தனையோ வருஷம் பறந்தேன், ஒருநாள் ஒரு குதிரையின் கண்ணில் நீரைக் கண்டேன், விட்டுவிட்டேன் என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். அந்த இடம் வரும்போது தொப்பியைக் கழற்றி நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒருநாள் சாப்பிடும்போது மனைவி விளையாட்டாகக் கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு மின்னல் தலையை ஆட்டினதுக்கே கீழ விழுந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"நானா? எப்ப?" என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் நடிப்பே இல்லை. அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த சீசனில் அந்த அம்மா திரும்ப வந்தாள். இந்த முறை மாப்பிள்ளை இல்லை, கேமரா இல்லை, தனியாகத்தான் வந்தாள். காலில் புது பூட்ஸ். அலுவலக அறைக்குள் வந்து சிரித்தாள்.

"என்ன தம்பி, இன்னமும் பயந்தானா?"

"எதுக்கும்மா பயம்?" என்றார் மாஸ்டர்.

அவர் விளையாடுகிறார் என்று நினைத்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவர் சிமிட்டவில்லை. அவள் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"சரி, அது போகட்டும். வீட்டுக்குப் போனதிலேருந்து மனசே கேக்கல. இந்த வயசுல இதுக்குப் போயி பயந்துட்டோமேன்னு. பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட கொஞ்ச கொஞ்சமா கத்துக்கிட்டேன். இந்த மலையில ஏறிட்டா தீந்துடும். எனக்கு அந்தப் புல் மேஞ்ச குதிரையவே குடுங்க."

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்களை மூடித் திறந்தார்.

"அம்மா, இங்க யாரும் ஏறறதில்ல. நான் ஒருநாள் ஒரு குதிரையோட கண்ணுல..."

முழுவதையும் சொன்னார். அந்தப் புல்லில் தன்னோடு உட்கார்ந்து பூட்ஸ் தண்ணீரைக் கொட்டிய மனுஷனைத் தேடுகிறவள்போல அவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும் வெளியே போய் லாயத்துச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

தீனி வாளியோடு வந்த மனைவி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று மாஸ்டருக்குத் தெரியாது.

மறுநாள் விடியற்காலையில் மேட்டில் காவலுக்கு நின்றபோது புல்வெளியில் மூன்று குதிரைகள் போவதைக் கண்டார். மனைவி ஒரு பக்கம், மைத்துனன் ஒரு பக்கம், நடுவே அந்த அம்மா. முதலில் நடை. பிறகு துள்ளல். அப்புறம் மைத்துனன் ஏதோ சொல்ல, அவள் உடம்பை முன்னால் சாய்த்தாள். குதிரை ஓடியது. அவள் கத்தினாள். அது பயத்தில் போட்ட கத்தலா சந்தோஷத்தில் போட்டதா என்று அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை. புல்வெளியின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்து அவர் நின்ற மேட்டுக்குக் கீழே நிறுத்தினாள். முகமெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

"தம்பி! நீங்களும் ஒரு தடவை வாங்களேன்! ஒண்ணும் ஆகாது. நான் கயித்தப் புடிச்சுக்கறேன்!"

மாஸ்டர் ஒரு அடி கீழே இறங்கினார். மனைவி தன் குதிரையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். இரண்டாவது அடியும் வைத்திருப்பாரோ என்னவோ, சாலை வளைவில் வேனின் ஹாரன் கேட்டது. அன்றைய கூட்டம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது.

"எறங்குங்க, எறங்குங்க! சேணத்த அவிழுங்க!" என்று பதறிக்கொண்டே அவர் அலுவலகத்தைப் பார்த்து ஓடினார். அத்தனை வேகமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

வேனிலிருந்து இறங்கியவர்கள் வட்டமாக நின்றார்கள். மாஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை; அது பேச்சுக்கு உருக்கம் கூட்டியது. பறந்த காலத்தைச் சொன்னார், குதிரையின் கண்ணீரைச் சொன்னார். ஏறுவதற்கு வேண்டிய தைரியத்தைவிட ஏறாமல் இருப்பதற்கு வேண்டிய தைரியம் பெரிது என்று முடித்தார். நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தின் பின்னால், சட்டையெல்லாம் குதிரை முடி ஒட்டியிருக்க நின்றுகொண்டிருந்த அந்த அம்மாதான், சிரிப்பைப் பல்லில் கடித்து அடக்கிக்கொண்டு, முதலில் கை தட்டினாள். நிறுத்தாமல், உள்ளங்கை சிவக்கிற மாதிரி தட்டினாள். பக்கத்தில் நின்ற மைத்துனனும் சேர்ந்துகொண்டான். மாஸ்டர் தொப்பியை நெஞ்சில் வைத்து, அவர்கள் இருவருக்கும் தனியாக ஒரு வணக்கம் போட்டார்.